பயில்வான் காது

என் கணவர் வீட்டு ஆண்களின் வயதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மல்யுத்தக் குடும்பம். மெத்தையிலும் எதிராளியின் தலையிலும் காது உரசி உரசி, உள்ளே ரத்தம் கட்டி, கட்டியது இறுகி, சில வருஷத்தில் காது இருந்த இடத்தில் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பயில்வான் காது என்பார்கள். மற்ற வீடுகளில் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். இவர்கள் தலையின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது என் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்குக் காது கேக்கும்ல?" என்று விசாரித்தார். நன்றாகவே கேட்கும். நான் சொல்வது மட்டும் கேட்காது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் சமையல், துணி, சண்டை. என் கணவர் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். கோபம் வந்தால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய அண்ணனை எல்லோரும் பெரியவர் என்பார்கள். மெத்தை வாங்குவது, போட்டிக்குப் பேர் கொடுப்பது, வருகிறவன் போகிறவனைக் கிண்டல் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்தாளாம், பெரியவர் கடுகு என்று பேர் வைத்துவிட்டார். சிறுத்தாலும் காரம் போகவில்லை என்பதால் அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

கடுகு எட்டு வயதில் மெத்தை ஏறினாள். அப்பாவுக்கு அதில் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. அவருக்குப் போட்டிக்குத் தயார் செய்ய வேண்டிய பையன்கள் இருந்தார்கள். "ஓரமா உருண்டு விளையாடும்மா" என்று விட்டுவிடுவார். அவள் ஓரமாக உருண்டே பிடியெல்லாம் கற்றுக்கொண்டாள். எடை குறைந்த பிரிவில் இரண்டு சின்னப் போட்டிகள் ஜெயித்தாள். அவர் தலையைத் தட்டி, "சபாஷ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கவனிக்கப் போய்விடுவார். தட்டிய இடத்தை இவள் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரமாக வரும்.

அவளுக்குப் பத்து வயது நடந்தபோது ஒருநாள் காலையில் தலை பின்னிக்கொண்டிருந்தேன். சீப்பு வலது காதில் பட்டதும் துள்ளினாள். முடியை ஒதுக்கிப் பார்த்தால் காது சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டது. நான் போட்ட சத்தத்தில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்த பிரஷ்ஷோடு ஓடி வந்தார். காதைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"அடியே, காது உடைஞ்சிருக்கு!" என்றார். "பத்து வயசுல! எனக்கே பதினாறுலதான் உடைஞ்சது!"

"பிள்ளைக்கு வலிக்குதுங்க."

"வலிக்கும். வலிக்காம இருக்குமா?"

அன்றைக்கு மாலை நான் வேனை நிறுத்திவிட்டு மாடி ஏறியபோது பயிற்சியை நிறுத்தி எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார். நடுவில் கடுகு. முடியை இழுத்துக் கட்டி, காது தெரிகிற மாதிரி நின்றிருந்தாள். "பார்த்துக்கோங்கடா. ஒழுங்கா உழைச்சா இப்படித்தான் காது பேசும். கை தட்டுங்க" என்றார். நாற்பது பையன்களும் தட்டினார்கள். பெரியவர் காலைச் சேர்த்து அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கும் என்று பயில்வான் மாதிரி இறுக்கமாக நின்றாள். ஆனால் கண் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அவர்தான் அவளுக்குச் சாப்பாடு போட்டார்.

நான் மறுநாளே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் ஒரு இயர் கார்டு வாங்கி வந்தேன். இரண்டு காதையும் மூடுகிற கிண்ணம் மாதிரி, உள்ளே பஞ்சு வைத்து, தாடைக்குக் கீழே வார் கட்டுவது. பெரியவர் அதைத் தன் முழங்காலில் மாட்டிக்கொண்டு கூடம் முழுக்க நடந்து காட்டினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அது அவளுடைய கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. அவள் ஒருநாளும் போட்டுக்கொள்ளவில்லை.

காது உடைந்தால் இறுகுவதற்கு முன்னால் ஊசி வைத்து ரத்தத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, முன்னும் பின்னும் காந்தம் வைத்து அழுத்துவது பயில்வான்கள் பழக்கம். டாக்டரிடம் எல்லாம் போக மாட்டார்கள். இவள் அந்தப் பக்கம் படுக்க முடியாமல் அழுததைப் பார்த்து என் கணவருக்கே மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து, நான் தலையைப் பிடிக்க, அவர் ஊசியை இறக்கினார். பிஸ்டனை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இடத்தை மாற்றிக் குத்தினார். அப்போதும் வெறும் காற்றுதான். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போடவில்லை.

"இறுகிடுச்சு போல" என்றார். ஆனால் காது மெத்தென்றுதான் இருந்தது. அவர் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

அடுத்த மாதம் இடது காதும் வீங்கியது. "ரெட்டைப் பட்டம்" என்றார் பெரியவர். அதற்குப் பிறகு குரல் கம்மியது. மெத்தை ஓரத்தில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்றார்கள். மூக்கின் நடுவில் லேசாக ஒரு பள்ளம் விழுந்தது போல எனக்குப் பட்டது. மூக்கில் அடிபடாத பயில்வான் உண்டா என்று அதற்கும் பதில் ரெடியாக இருந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். இந்த வீட்டில் தலைகீழ். மேடையே இடிந்து விழுந்தாலும் அதுவும் ஆட்டத்தில் ஒரு அடவு என்பார்கள்.

பிறகு மூச்சு. நான் வேனில் உட்கார்ந்தபடி கீழே இருந்து பார்ப்பேன். பயிற்சிக்கூடத்து மாடிப்படியில் பாதியில் நின்று ஷூ நாடாவைக் கட்டுவாள். கட்டிய நாடாவையே அவிழ்த்துக் கட்டுவாள். ராத்திரி தூங்கும்போது கரகரவென்று ஒரு இழுப்பு. பக்கத்துத் தெரு டாக்டர் ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். அதற்கு இழுப்பு கேட்கவில்லை. மாஸ்டர், "தம் பத்தல" என்று கூடத்தைச் சுற்றி ஓட விட்டார். அவளும் ஓடினாள். உதடு வெளுத்துப்போய், அப்பா பார்க்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு ஓடினாள்.

அதைப் பார்த்த அன்றைக்கு நான் செருப்புக் காலோடு மெத்தையில் ஏறினேன். அந்தக் கூடத்தில் அது கொலைக் குற்றம்.

"மாஸ்டர், பிள்ளையை விடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறேன். நீங்க வர்றீங்களா, இல்ல காதைப் பார்த்துக்கிட்டே இங்க உட்காரப் போறீங்களா?"

பையன்கள் முன்னால் அப்படிக் கேட்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று பந்தாடி, கடைசியில் குழந்தைகளுக்கான மூட்டு டாக்டர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தோம். நடுவயதுப் பெண்மணி, சத்தம் போடாமல் பேசுகிறவர். தொண்டைக்குத் தொண்டை டாக்டர், மூச்சுக்கு நெஞ்சு டாக்டர், மூட்டு டாக்டர் எதற்கு என்று என் கணவர் முனகிக்கொண்டே வந்தார்.

டாக்டர் காதைப் பார்த்ததும், "இது எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"அது மல்யுத்தத்துல வந்தது மேடம். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டு" என்று இவர் தன் காதைத் திருப்பிக் காட்டினார்.

டாக்டர் எழுந்து வந்து முதலில் இவர் காதைத் தொட்டார். பிறகு கடுகின் காதை. கம்மல் போடுகிற கீழ்மடலை விரலால் அசைத்துப் பார்த்தார். "மேல எல்லாம் சிவந்து கொதிக்குது, இந்த மடல் மட்டும் பூ மாதிரி இருக்கு, பார்த்தீங்களா? மடல்ல குருத்தெலும்பு கிடையாது. ஊசி வெச்சு எடுத்தீங்களா?"

"வெச்சேன்."

"ரத்தம் வந்துச்சா?"

"வரல."

பிள்ளையை நர்ஸோடு வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் சொன்னார். காது, மூக்கு, குரல்வளை, மூச்சுக்குழாய் எல்லாம் நிமிர்ந்து நிற்பது குருத்தெலும்பால்தானாம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, எதையோ எதிரி என்று நினைத்து அந்தக் குருத்தெலும்பையே தாக்குகிறதாம். வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார். பெரியவர்களுக்கே எப்போதாவது வருகிற வியாதி, குழந்தைகளுக்கு வருவது மிக மிக அபூர்வம் என்றார். காதும் மூக்கும் போனால் அழகுதான் போகும். மூச்சுக்குழாய் தளர்ந்தால் மூச்சே போய்விடும்.

"வேலியே பயிரை மேயுதுங்கிறீங்க" என்றேன்.

"அதேதான்மா."

முன்பே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தோம், அதில் ஒன்றும் இல்லை என்றிருந்தார்கள். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது எடுத்தால் குழாய் விரிந்துதான் இருக்கும் என்று சொல்லி, இந்த டாக்டர் மூச்சை விடும்போது எடுக்கச் சொன்னார். படத்தைத் திரையில் காட்டினார். இழுக்கும்போது வட்டமாக இருந்த குழாய், விடும்போது ஒரு கீறல் மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. அந்தக் கீறல் வழியாகத்தான் என் பிள்ளை கூடத்தைச் சுற்றி ஓடியிருக்கிறாள்.

"கழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது. மல்யுத்தம் இனிமே கிடையாது. தொண்டையில குழாய் விடறதுகூட எங்களுக்கே பயம், அதுல வீங்கிடும். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க. திடீர்னு நிறுத்தினா ஆபத்து" என்றார் டாக்டர்.

என் கணவர் தன் வலது முன்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பிடி போடுகிற கை அது. அந்த ஒரு நிமிஷம் அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பாவமாக இருந்தது.

"அவகிட்ட நான் சொல்றேன். காது விஷயத்தை நான்தான் சொல்லணும். நீ சொல்லாதே" என்று வேனில் வரும்போது கெஞ்சினார். சரி, தகப்பன் வாயால் வரட்டும் என்று விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "காது உடைஞ்சதுல உள்ள கொஞ்சம் வீங்கியிருக்காம் கடுகு. மாத்திரை சாப்பிட்டு ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

அன்றிலிருந்து தினமும் கேட்டேன். "சொன்னீங்களா?" "நாளைக்குச் சொல்றேன்." "சொன்னீங்களா?" "பரீட்சை முடியட்டும்." நாற்பது கிலோ பையனைத் தலைக்கு மேல் தூக்கி எறிகிற மனுஷன், பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் பூனை மாதிரி வளைய வந்தார்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. குரல் திரும்பியது, படியில் நாடா கட்டுவது நின்றது. கன்னம் உப்பி, எந்நேரமும் பசி பசி என்றாள். காது வற்ற ஆரம்பித்தது. சிவப்பு போய், வீக்கம் போய், கொஞ்சம் தொய்ந்திருந்தாலும் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிற காதாக மாறியது. எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து ஆனந்தம். அவள் கண்ணாடி முன்னால் நின்று காதைத் திருகிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அரிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு வேடிக்கை பார்க்க மட்டும் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் அழைத்துவரப் போனபோது பெரியவர் வழக்கம் போல வாயைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "என்ன கடுகு, காது எங்க? வாடகைக்கு எடுத்ததா? திருப்பிக் கொடுத்துட்டியா?" பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மனசில் கெடுதல் ஒன்றும் கிடையாது. நாக்குக்கு மட்டும் எலும்பில்லை. கடுகும் சிரித்தாள். வேனில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் முடியை முன்னால் விட்டுக் காதை மறைக்க ஆரம்பித்தாள். வேனில் வருகிற பெரிய பெண்களெல்லாம் அப்படித்தான் விட்டுக்கொள்கிறார்கள், இவளுக்கும் ஸ்டைல் வந்துவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையை நான் கையில் கொடுப்பேன், அவள் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பாள். காலி தம்ளரைக் கவிழ்த்துக்கூடக் காட்டுவாள்.

அன்று மாலை நடை. வேன் நிறையப் பிள்ளைகள். கடுகு என் பக்கத்து இருக்கையில். சிக்னல் தாண்டியதும் ஒரு சத்தம் கேட்டது. காலால் மிதித்த ரப்பர் குழாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு வருகிற மாதிரி. வண்டியில்தான் ஏதோ என்று முதலில் வேகத்தைக் குறைத்தேன். வண்டியில்லை, அவள்தான். இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு, கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொள்ள, கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தாள். பேச்சு வரவில்லை.

வேனில் இருந்த ஒரு பிள்ளையையும் நான் வீட்டில் இறக்கவில்லை. விளக்கைப் போட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல், எதிர்ப் பாதையில் ஏறி விட்டேன். பின்னால் அத்தனையும் சத்தம் போடுகிற வானரங்கள். அன்றைக்கு ஒன்றும் மூச்சு விடவில்லை. கடைசி இருக்கையில் இருந்த வாண்டு ஒன்று மட்டும், "ஆன்ட்டி, அக்கா செத்துடுவாளா?" என்று கேட்டது. "வாயை மூடுடா" என்று கத்தினேன். என் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை அவள் முதுகில். "விடு கண்ணு, மெதுவா விடு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனேன். வெளியே விடுகிற மூச்சுதான் அவளுக்குப் பிரச்சினை என்று அந்த ஸ்கேன் படத்தைப் பார்த்ததிலிருந்து மனப்பாடமாகி இருந்தது. காற்றில் அவள் முடி பறந்தபோது காதைப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு.

அவசரப் பிரிவில் அவளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார்கள். முகத்தில் இறுக்கமாக மாஸ்க் கட்டி, அழுத்தமாகக் காற்றை உள்ளே தள்ளிக் குழாயை விரித்துப் பிடித்தார்கள். ஊசி மருந்து ஏறியது. இதற்கும் அடங்காவிட்டால் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். என் கணவர் வந்து சேர்ந்தபோது வேன் பிள்ளைகள் வாசல் பெஞ்சில் வரிசையாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான் ஒவ்வொருவரையும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

மறுநாள் காற்றின் அழுத்தத்தைக் குறைத்தார்கள். துளை போடாமலே தப்பித்தாள். மூட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாளா?" என்று கேட்டார். சத்தியம் செய்தேன். எதற்கும் வீட்டில் ஒரு தடவை தேடிப் பாருங்கள் என்றார்.

துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். தலையணை உறை, ஜாமெட்ரி பெட்டி, ஷூ எல்லாம் தேடினேன். கட்டிலில் தளர்ந்து உட்கார்ந்தபோது தலையில் இடித்தது அந்த இயர் கார்டு. தூக்கிப் பார்த்தால் கனத்தது. கிண்ணத்துக்குள் பஞ்சு பிதுங்கி, தையல் பிரிந்து, உள்ளே ஈரத்தில் கரைந்து ஒட்டிப்போன மாத்திரைகள். இரண்டு காதிலும்.

அதை அப்படியே கொண்டுபோய் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவர் மடியில் போட்டேன். அவருக்குப் புரிய நேரமாகவில்லை.

"மாத்திரை சாப்பிட்டா காது வத்துதுன்னு கண்டுபிடிச்சிருக்கா" என்றேன். "உங்க பொண்ணுக்கு மூச்சு வேண்டாமாம். காது வேணுமாம். நீங்க கை தட்டச் சொன்ன காது."

அவர் தலையைக் குனிந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னொரு தடவை இப்படி ஆனா, வந்து சேர்ற வரைக்கும் தாங்காதுன்னாங்க. இப்பவும் நாளைக்குன்னு சொன்னீங்கன்னா, நானே போய்ச் சொல்லிடுவேன். ஆனா நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அப்பா வாயால சொன்னாத்தான் அவளுக்கு அது உண்மை."

அவர் எழுந்து உள்ளே போனார். நானும் பின்னாலேயே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். கடுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்திருந்தார்கள், அதன் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

"திரும்ப வந்துடுச்சுப்பா" என்றாள், கம்மிய குரலில்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கடுகு, இது மல்யுத்தத்துல வந்த காது இல்லம்மா."

"பின்ன?"

"வியாதி. காதுல ஆரம்பிச்சுத் தொண்டைக்குப் போயிருக்கு. அப்பா தப்பாப் பார்த்துட்டேன்."

"எல்லாரும் கை தட்டினாங்களே."

"நான் தட்டச் சொன்னேன், தட்டினாங்க. நான் சொன்னது தப்பு."

அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்போ எனக்குப் பயில்வான் காது வரவே இல்லையா?"

"இல்லம்மா."

"இனிமே வருமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொட்டு மருந்துப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வராது" என்றார். "நீ இனிமே மெத்தை ஏறக் கூடாது. எப்பவுமே கூடாது. ஏறினா உயிருக்கு ஆபத்து. மாத்திரை சாப்பிடாட்டியும் ஆபத்து."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. எனக்குச் சொல்ல மனசு வரல."

கடுகு முடியை எடுத்துக் காதின் மேல் விட்டுக்கொண்டாள். முதலில் வலது பக்கம், பிறகு இடது பக்கம். ஊசி குத்திய அன்றைக்கு அழாதவள், அப்பாவைப் பார்த்தபடியே அழுதாள். அழுகைக்கு மூச்சு போதவில்லை. நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன்.

"வெளியே போகச் சொல்லும்மா" என்றாள் என்னிடம். அவரிடம் நேராகச் சொல்லக்கூட இல்லை.

அவர் போய்விட்டார். நர்ஸ் மாத்திரைக் கிண்ணத்தோடு வந்தார். கடுகு கிண்ணத்தில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். கசப்பில் முகம் சுளித்தது, தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் தூங்கிய பிறகு கீழே வந்தேன். அவர் வேனுக்குள், சின்னப் பிள்ளைகள் உட்காருகிற குட்டை இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். மாத்திரையை முழுங்கினாள் என்றதும் கண்ணை மூடித் திறந்தார்.

"முன்னாடி நான் உள்ள வந்தா வாசல்லயே கண்ணு வெச்சிருப்பா" என்றார். "இனிமே என்னை எப்படிப் பார்ப்பா?"

எனக்கு எந்தக் கேள்விக்கும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். இதற்குத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

"முறைச்சுப் பார்ப்பா. வெறுத்துப் பார்ப்பா. பார்க்கவே மாட்டேன்னு முகத்தைத் திருப்பிக்குவா. என்ன வேணா செய்யட்டுங்க" என்றேன். "செய்யறதுக்கு அவ இருப்பா."